சனிக்கிழமைக்கு வந்த எண்ணெய்

கார்த்திகை மழையில் இளநீர் யார் குடிப்பார்கள்? தொழுவத்துச் சுவரோரம் ஏழு இளநீர்க் காய்களையும், அவற்றை ஒட்டி ஒரு தூக்குச்சட்டி நல்லெண்ணெயையும் கண்டதும் அந்தச் சந்தேகம் எனக்குப் பளிச்சென்று தட்டியது. உள்ளறையில் என் பெரியப்பா இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதமாகக் கிடந்தார். அன்று வியாழன். ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது புதனும் சனியும்; சனிக்கிழமைக்கு நடுவே ஒரு நாள்தான் இருந்தது.

எழுந்திருக்க மாட்டாத முதியவருக்குத் தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, இளநீரும் கொடுத்து, ஜன்னி கண்டு உயிர் போக விட்டுவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. எங்கோ எவர் வீட்டிலோ நடப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பத்து வயதிலிருந்து பாளையங்கோட்டையில் தங்கிப் படித்தவன். இப்போது திருநெல்வேலியில் ஒரு வக்கீலிடம் நகல் எழுதுகிறேன். ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே ஆற்றங்கரையில் இருக்கும் இந்த வீட்டிற்கு விடுமுறைக்கு மட்டும் வந்துபோகிற ஆள்.

வேடிக்கை என்னவென்றால், சென்ற வருஷம் எங்கள் நண்பர் கூட்டத்தில் இதே விஷயத்தைப் பற்றித் தொண்டை கிழியப் பேசியவன் நான்தான். தீராத வலியில் துடிப்பவன் கேட்டால், வைத்தியரே மருந்து கொடுத்து அனுப்பிவிடலாம் என்பது என் கட்சி. சம்மதம் இருந்தாலும் அது குற்றமே, கொலை என்ற பெயர் மட்டும்தான் மாறும் என்று சட்டப் புஸ்தகத்தைக் காட்டினான் ஒருவன். சட்டத்தைத் திருத்துவோம் என்றேன். கைதட்டல் பலமாகக் கிடைத்தது.

பெரியப்பா மகனிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"இந்தக் குளிருல இளநி யாருக்குண்ணே?"

"அப்பாவுக்குத்தாம்ல. சூட்டுக்கு."

"ரெண்டு கம்பளி போத்திக் கிடக்காவ. சூடா?"

அண்ணன் என்னைப் பார்க்காமல் தன் மனைவியைப் பார்த்தான். "ஏட்டி, வக்கீல் குமாஸ்தா குறுக்கு விசாரணை ஆரம்பிச்சுட்டான்."

"கேக்கட்டும். நான் வேணும்னா கூண்டுல ஏறி நிக்கேன்" என்றாள் மதினி. சிரித்தாள், ஆனால் கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டு உடனே உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் எதைப் பார்த்தாலும் சந்தேகம். கஞ்சியின் அளவு குறைந்திருக்கிறதா? நான் வந்ததும் பேச்சு ஏன் நிற்கிறது? குலசேகரன்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா, பெரியப்பாவின் ஒரே மகள், முந்தின நாள்தான் வந்திருந்தாள். அவள் ஏன் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்? அவளைக் கிணற்றடியில் மடக்கினேன்.

"எண்ணெய் நீங்க கொண்டாந்ததா அக்கா?"

"பின்ன? நீதானே கடுதாசி போட்டே."

நான் போட்டேன்தான். போன மாதம் வந்தபோது, மகளைப் பார்க்க வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். 'அப்பா உங்களைப் பார்க்க விரும்புகிறார்கள், தாமதிக்காமல் வரவும்' என்று அங்கேயே உட்கார்ந்து சுறுசுறுப்பாக எழுதி அனுப்பினேன்.

"பாக்கத்தானே கூப்பிட்டாவ?"

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "ஏலே, படுக்கையில கிடக்கவரு கட்டிக்குடுத்த மகளைக் கூப்பிட்டாருன்னா அதுக்கு என்ன அர்த்தம்? முத எண்ணெய் மக வீட்டுதுல்லா. ஒனக்குத் தெரியாதாக்கும்?"

எனக்குத் தெரியாது. அந்தக் கடைசிக் குளியலுக்கு முதல் எண்ணெய் மகள் வீட்டிலிருந்து வர வேண்டும் என்ற வழக்கத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லாரும் நடவு வயலுக்குப் போன நேரம் பார்த்துப் பெரியப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே ஆரம்பித்தார்.

"நாளைக்குத்தானலே?"

விலகிக் கிடந்த கம்பளியை இழுத்து அவர் காலை மூடினேன்.

"பிள்ளையளும் எத்தனை நாளைக்குத்தான் தூக்கிப் புரட்டுவாவ. அதான், சரின்னு இருந்துட்டேன்."

"யாருகிட்ட சரின்னிய, பெரியப்பா?"

"எங்கிட்ட யாரு கேட்டா? மக எண்ணெயோட வந்துட்டாள்லா. எல்லாரும் பேசி முடிச்சுத்தானே வந்திருப்பா." சற்று மூச்சு வாங்கினார். "பிசான நடவு முடியட்டும்னு பாத்தேன். அதுக்குள்ள வந்துட்டா."

அந்தக் கடைசி வார்த்தைகளை உயிராசை என்று எடுத்துக்கொள்ளலாமா? எனக்கு வேண்டியதை நான் அவர் வாயில் கேட்கிறேனோ? முந்தின நாள் புரட்டிப் போடும்போது, "என்னைக் கொன்னு போடுங்களேம்ல" என்று அவர் அலறியதும் இதே வாய்தான். தப்பெண்ணத்தின்மேல் கொடுத்த சம்மதம் சம்மதமே அல்ல என்று சட்டம் சொல்கிறது. வலியின்மேல் கொடுத்த சம்மதம் எந்த வகை?

வயலுக்கே ஓடினேன். வரப்பில் நின்றபடி அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் சேற்றுக்காலோடு வரப்பில் ஏறினான்.

"அப்பாதான் அக்காவுக்குச் சொல்லிவிட்டாருன்னு நெனச்சேன். அதான் காய் இறக்குனேன்." பிறகு குரல் மாறியது. "ஒரு நாளாவது அந்த முதுகுப் புண்ணைக் கழுவியிருக்கியாலே? நாலு நாள் வந்து இருந்துட்டுச் சட்டம் பேசுத. போலீசுக்கு எதும் எழுதிப் போட்டுட்டியா?"

"இல்லண்ணே."

"ஒன்னை எப்படி நம்ப? கடுதாசி எழுதுத ஆளு நீ."

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. நாற்று முடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அக்காதான் குறுக்கே வந்தாள்.

"இந்தச் சனி வேண்டாம். புதன்கிழமை வரைக்கும் பாப்போம். ஆனா தம்பி, அதுவரைக்கும் அவரு வலிக்கு நீ என்ன செய்யப்போற?"

பொழுது சாயுமுன் வண்டி பேசினேன். விடியும்போது கிளம்பி, பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த டாக்டரின் காலில் விழுந்தாவது அவரை அழைத்து வர வேண்டும். அவர் வராவிட்டால் வலியை அடக்கும் அபின் மருந்தையாவது வாங்கி வர வேண்டும். வலி அடங்கிய ஒரு காலையில் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, இதுவரை யாரும் கேட்காததைப் பெரியப்பாவிடம் நேராகக் கேட்க வேண்டும். அவர் "ஆமா" என்று சொன்னால் நான் என்ன செய்வேன் என்பதையும் வண்டியில் போகும்போதே முடிவு செய்தாக வேண்டும்.