சாவியைத் திருப்பி வைத்த டிரைவர்

கடந்த கோடையில் ஒருநாள், ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ஜன்னலுக்கு வெளியே வரிசையாக லாரிகள். சரக்கு ஏற்ற வந்தவை, நான்கு மணி நேரமாக அப்படியே நின்றன. வண்டி வருவதற்கு முன்பே பேப்பர் வேலையை முடித்துவிட்டால் என்ன? பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு டிஸ்பாட்ச் ஆபீசுக்கு ஓடினேன்.

பொறியியல் முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்து எட்டே மாதம் ஆகியிருந்தது. டிரைவர்கள் வரும் வழியில் தண்டலம் தாண்டும்போது போன் செய்தால் போதும், உள்ளே வந்ததும் ஏற்றிவிடலாம் என்று ஏற்பாடு செய்தேன். காத்திருப்பு ஒரு மணி நேரமாகக் குறைந்தது. மானேஜர் மீட்டிங்கில் எனக்குக் கைதட்டச் சொன்னார். சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, தினமும் காத்திருப்பு நேரத்துக்குக் கோடு போட்டு நானே ரசித்தேன்.

மூன்றாவது வாரம் தூத்துக்குடிக்கார டிரைவர் ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். ஊர்ச் சரக்கைச் சென்னை மாதவரத்தில் இறக்கிவிட்டு, எங்கள் சரக்கோடு திரும்ப வேண்டும். சரக்கு ஏறி முடியும்வரை லாரிச் சாவி கேட்டில் செக்யூரிட்டி அக்காவிடம் இருப்பது எங்கள் வழக்கம். அன்று ஐம்பத்திரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது. சாவியையும் அவுட் பாஸையும் நானே வாங்கிக்கொண்டு ஓடிப்போய் அவரிடம் நீட்டினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சீக்கிரம்ணா, பின்னால வண்டி நிக்குது!" என்றேன்.

லாரி கேட்டருகே வந்து நின்றது. முன்னால் இருந்த ஆரஞ்சுக் கூம்பை எடுத்துவிட்டால் அரை நிமிடம் மிச்சமாகுமே என்று, லாரியின் இடது மூலையை ஒட்டிக் குறுக்கே பாய்ந்தேன். வண்டி உறுமிக்கொண்டு முன்னே வந்தது. விசில் சத்தம். யாரோ என் தோளைப் பிடித்து இழுத்தார்கள். பம்பர் என்னிடமிருந்து ஒரு முழத் தூரத்தில் வந்து நின்றது.

"இன்னாமா நீ, படிச்ச பொண்ணுதானே? லாரி மூக்குல போய் நின்னுகினு கீறே! மேல குந்திகினு கீறவருக்கு நீ தெரிவியா?" செக்யூரிட்டி அக்காவுக்கு மூச்சு வாங்கியது.

டிரைவர் இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சாவியை அக்காவின் மேசைமேல் திருப்பி வைத்தார்.

"நீங்க மறைவுல நின்னீங்களா, நான் கண்ண மூடிட்டேனா, எனக்கே வெளங்கல மேடம். வரும்போதும் இப்படித்தான். செம்பரம்பாக்கம் தாண்டுனது ஞாபகம் இருக்கு. அடுத்து பாத்தா தண்டலம். நடுவுல வண்டிய யாரு ஓட்டுனான்னே தெரியல. இனி தூங்காம எடுக்க மாட்டேன்."

"வழியிலயே தூங்கியிருக்கலாமேண்ணா?"

சிரித்தார். "இங்க வரிசையில நிக்கும்போதுதான் மேடம் நாங்க தூங்குவோம். நாலு மணி நேரம் கெடைக்கும். இப்ப யாரோ புதுசா வந்து எல்லாத்தையும் ஸ்பீடாக்கிட்டாங்களாம்."

அந்த 'யாரோ' நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்குள் லாரி முதலாளியின் போன். தூங்கிவிட்டுத்தான் எடுப்பேன் என்று இவர் சொன்னதும், வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று அவர் கத்தியது எங்களுக்கே கேட்டது.

"போடுங்க மொதலாளி. அந்த ஆளாவது தூங்குனானான்னு மட்டும் கேட்டுக்கிடுங்க."

வேலையே போகலாம். தெரிந்தும் குரலை உயர்த்தாமல் சொன்னார். நான் அசந்துபோனேன்.

அக்கா ரிஜிஸ்டரைத் திறந்தார். "லேட்டுக்கு இன்னா காரணம் எழுதட்டும்? பிரேக் டவுன்னு போட்டுடவா? உனக்கும் பேஜார் இல்ல."

ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் பேனாவை வாங்கி, 'டிரைவர் தூங்குகிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தொழிற்சாலை டிரைவர் ஒருவர் லாரியை ஓரமாக நிறுத்த, அக்கா சக்கரத்துக்குக் கட்டை வைத்தார். அன்று என் சார்ட்டில் கோடு எகிறியது. மானேஜர் ரிஜிஸ்டரைப் படித்தார், என்னைப் பார்த்தார், ரிஜிஸ்டரை மூடி வைத்துவிட்டுப் போனார்.

மாலை ஐந்தரை மணிக்கு, லாரிக்குள் தூங்கிய டிரைவர் எழுந்து முகம் கழுவினார். புது ஆளாகத் தெரிந்தார். அந்த 'யாரோ' யாரென்று அப்போதுதான் சொன்னேன்.

"நீங்கதானா அது!" என்று சிரித்துவிட்டு, "ஏறி உக்காந்து பாருங்க" என்று தன் சீட்டைக் காட்டினார். நான் நின்ற இடத்தில் அக்கா போய் நின்றார். எட்டி எட்டிப் பார்த்தேன். அக்காவின் தொப்பிகூடத் தெரியவில்லை.

"கீறேனா?" என்று குரல் மட்டும் வந்தது.

"இல்லக்கா!"

"கண்ணாடியில எங்க மூஞ்சி ஒங்களுக்குத் தெரியணும் மேடம். அப்பத்தான் நீங்க எங்களுக்குத் தெரிவீங்க" என்றார் டிரைவர். தினமும் குன்றத்தூரிலிருந்து ஸ்கூட்டியில், லாரிகளின் இடப்பக்கம் நுழைந்து நுழைந்து வருகிறவள் நான். அன்று மாலை முதன்முறையாக ஒரு லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போனேன்.

அடுத்த வாரம் அதே லாரி வந்தது. ஓட்டி வந்தவரும் அவரே! அக்கா விசில் ஊதி வரவேற்றார்.

இப்போதும் சரக்கை வேகமாகத்தான் ஏற்றுகிறோம். ஆனால் சாவியைக் கொடுக்கும் முன், "எப்பண்ணா தூங்கினீங்க?" என்று அக்கா கேட்கிறார். பழைய சாமான் ஷெட் ஒன்று காலியாகக் கிடக்கிறது. டிரைவர்கள் தூங்க எட்டுக் கட்டில், நான்கு ஃபேன் போடலாம். மானேஜர் "பார்க்கலாம்" என்றிருக்கிறார். எதற்கெடுத்தாலும் ஓடுகிற நான், மேசைமேல் அந்தச் சாவியை அவர் வைத்த சத்தத்தை நினைத்துக்கொண்டு, வரும் திங்கட்கிழமை அளவு டேப்போடு நிதானமாக அந்த ஷெட்டுக்குள் போகப்போகிறேன்.