தூக்கிப் பார்த்து வாங்கியவர்

என் அத்தா சாந்த் பாஷா செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆட்டுத் தரகர். தராசு வைத்துக்கொண்டதில்லை. ஆட்டை இரண்டு கையாலும் தரையிலிருந்து ஒரு சாண் தூக்குவார், இறக்குவார், எடை சொல்வார். ஒலிப்பதிவு ஸ்டுடியோக்களின் பழைய கருவிகளையும் அப்படித்தான் வாங்கிச் சேர்த்தார்.

தொடங்கியது சென்னையில். பக்ரீத்துக்கு ஆடு இறக்கிவிட்டு வண்டி காலியாகத் திரும்பியபோது, கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறிய காலம். அகலமான முகத்தகடும் இரண்டு ஓரத்திலும் திருகு ஓட்டைகளும் கொண்ட பெட்டிகள், ரேக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டும் வகை, பழைய இரும்புக்காரருக்காக நடைபாதையில் கிடந்தன. அத்தா ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். பின்பக்கம் ஒரு மூலை மட்டும் கனத்தது. "உள்ள உயிர் இருக்குது" என்று வீட்டில் வந்து சொன்னாராம். ஆட்டுப் புழுக்கையோடு பயணம் செய்து அது செஞ்சி வந்தது.

கனத்தது டிரான்ஸ்ஃபார்மர். அந்தக் காலத்து நல்ல கருவிகளில் செம்பும் இரும்பும் தாராளம். ஆனாலும் எடையை நம்பக் கூடாது, மின்சாரம் கொடுத்து அளந்துதான் வாங்க வேண்டும் என்று அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். ஒரகடத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. அவர் கேட்டதில்லை. முதல் ரேக்கை வெல்டிங் கடையில் செய்யச் சொன்னபோது பத்தொன்பது அங்குலத்தை உள்பக்க அளவாகக் கொடுத்தார். அது முகத்தகட்டின் முழு அகலம். பெட்டி பிடிமானமில்லாமல் நேராக உள்ளே போய் விழுந்தது. அந்தச் சட்டத்தில்தான் இன்றும் ஆட்டுக்குத் தழை கட்டுகிறோம்.

புதுச்சேரியில் ஒருவன் பெட்டிக்குள் இரும்புக் கட்டியைத் திருகி வைத்து விற்றுவிட்டான், சந்தைக்கு முன் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டி எடை ஏற்றுவது போல. அத்தா அதை எறியவில்லை. ரேக்கின் மேல்வரிசையில், எல்லோர் கண்ணிலும் படும்படி பூட்டினார்.

"ஏமாந்து வாங்குனாலும் நான் வாங்குனதுதான்" என்றார்.

கோடம்பாக்கத்தில் வாங்கிய முதல் பெட்டி ஒரு கம்ப்ரசர். எந்த ஃப்ரிஜ்ஜில் கழற்றினது பாய் என்று சந்தையில் கேட்டார்கள். இது வேறு கம்ப்ரசர், குரல் எகிறும்போது அமுக்கிப் பிடிப்பது. வெள்ளிதோறும் அதை வண்டியில் கட்டிக்கொண்டு போய்ச் சந்தையின் மைக் செட்டில் இணைப்பார். பாடகர்களின் குரல் போன வழியில், ஆடு காணவில்லை, லாரியை நகர்த்துங்கள் என்ற அறிவிப்புகள் போயின. சென்னையில் இப்படிப்பட்ட கருவிகளைச் சேகரிக்கும் ஆனந்தராஜ் என்பவர் கேள்விப்பட்டு, இது பாவம் என்று ஃபோனில் பதறினார்.

"மைக்குக்கு முன்னாடி எல்லாம் தொண்டதான் சார்" என்றார் அத்தா.

போன ஐப்பசியில் அத்தா மௌத்தானார். அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும், மாமா முன்னறையை ஒரு மொபைல் கடைக்கு வாடகைக்குப் பேசிவிட்டார். கருவிகள் போக வேண்டும். அதே ஆனந்தராஜைத்தான் வரச் சொன்னார்.

அவர் டார்ச் அடித்தார், மூடிகளைக் கழற்றினார், வரிசை எண்களைப் படம் எடுத்தார். உள்ளே ஆட்டு முடி இருப்பதாகச் சொல்லி முகம் சுளித்தார். கம்ப்ரசரையும் இன்னும் இரண்டையும் எடுத்துக்கொள்கிறாராம். மற்றதை இரும்புக்குப் போடலாமாம்.

"உங்கப்பா மதிப்பு தெரியாம வச்சிருந்திருக்காரு பிரதர்."

கம்ப்ரசரைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். எதற்கு என்றார். மறுபடி சொன்னேன். ஒரு ஓரத்தைத் தூக்கி, கனமாக இருக்கிறது என்று உடனே வைத்துவிட்டார். பிறகு விலை கேட்டார்.

அம்மா இத்தாவில் இருந்தார்; கணவர் மௌத்தான பிறகு நாலு மாதம் பத்து நாள், வெளி ஆண்கள் முன் வருவதில்லை. இந்தப் பெட்டிகள் முன்னறையைத் தின்றுவிட்டதாக அத்தா இருந்தவரை திட்டியவர். உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து அவர் கை மட்டும் நீண்டது. கையில் அத்தாவின் துண்டு. துவைக்காதது, ஆட்டு வாடை அப்படியே இருந்தது.

சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் இருவரும் கை கோத்து, விரலைப் பிடித்துப் பேசுவார்கள். விற்க மனமில்லாதவர் கையை மூடிக்கொள்வார்.

துண்டை என் கைமேல் போட்டு நீட்டினேன். ஆனந்தராஜ் வேடிக்கையாகச் சிரித்தபடி உள்ளே கை விட்டார். விரலைத் தேடினார். நான் கையை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு விரலை நெம்பிப் பார்த்தார், விடவில்லை.

"எவ்ளோ பிரதர்? சொல்லுங்க."

"எம் புள்ள சொல்லிட்டான், தம்பி. டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார் அம்மா, திரைக்குப் பின்னாலிருந்து.

அறை வாடகைக்கு இல்லை என்று மாமாவிடம் சொன்னேன். ஊரே சிரிக்கும் என்றார். ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது என்றேன்.

அடுத்த வெள்ளி விடியலில் கம்ப்ரசரை வண்டியில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனேன். "பாயே இல்ல, இது இன்னாத்துக்கு?" என்றார் மைக் செட்காரர். வயரை நானே செருகினேன். வல்லத்திலிருந்து வந்த கறுப்புக் கிடா காணவில்லை என்று ஒருவர் மைக்கில் கத்தினார். கம்ப்ரசரின் மீட்டர் முள் கீழே இறங்கிக் குரலைப் பிடித்தது.