செல்வராணி வாசலில் நின்ற ஜீப்

நாட்டு மருந்துக் கடையிலிருந்து கார்போகரிசி எண்ணெயின் கசந்த நெடி வந்தால் இன்றும் என் கால் தானாக நின்றுவிடுகிறது. அந்த நெடி எனக்கு ஒரு பெண்ணின் வெந்த தோள்.

எண்பதுகளின் நடுவில் திண்டிவனம் பக்கத்து ஊர்களில் தொழுநோய் சர்வே எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மேசையில் ஒரு பெட்டிஷன். சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் செல்வராணிக்குக் குஷ்டமாம். அவள் கையால் பிள்ளைகள் சாப்பிடக் கூடாதாம். அந்த வேலையில்தான் அவள் வீடு ஓடியது.

எங்கள் வேலையில் எழுதாத விதி ஒன்று உண்டு: ஜீப்பை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு நடந்து போக வேண்டும். தொழுநோய்த் துறையின் பெயர் எழுதிய வண்டி எந்த வாசலில் நிற்கிறதோ, அந்த வீட்டை ஊர் அன்றே ஒதுக்கிவிடும். அன்று மழை, முழங்கால் சேறு. வாசலுக்கே விடச் சொன்னேன்.

"கண்ண மூடிக்கம்மா. தொட்ட எடத்த வெரலால காட்டு."

வெளுத்த இடங்களை இறகால் தொட்டேன். உதட்டோரம், இரண்டு கை விரல்கள், தோள். ஒன்றையும் அவள் தவறவிடவில்லை. தொழுநோய்த் திட்டு வெளிறியிருக்கும், பெரும்பாலும் மரத்திருக்கும். இவையோ பால் வெள்ளை, உணர்ச்சி முழுசாக.

"தோள்ல என்ன கொப்பளம்?"

"நெறம் வர வைத்தியரு கார்போகரிசி எண்ணெ குடுத்தாரு சார். கொஞ்ச நேரம் வெயில்ல நில்லுன்னாரு. ஜல்தி நெறம் வரட்டுமேன்னு மதியம் பூரா குந்திக்கினு இருந்தேன்."

'தொழுநோய் இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பினேன்.

அடுத்த வாரம் ஹெட்மாஸ்டர் பிடித்துக்கொண்டார். "நீங்க எழுதுனது காயிதம் சார், ஊரு பாத்தது ஜீப்பு. முந்தி நாலஞ்சு புள்ளைங்கதான் எழுந்து போச்சு. இப்ப ஒண்ணுகூட சாப்பிடக் குந்தறதில்ல. வேற ஆளப் போடப்போறாங்க."

பஸ்ஸில் அவளை விழுப்புரத்துக்குக் கூட்டிப்போய்த் தோல் டாக்டரம்மாவிடம் காட்டினேன்.

"இது விட்டிலிகோ. வெண்குஷ்டம்னு பேரு வச்சே கெடுத்துட்டாங்க. கிருமி இல்ல, ஒட்டாது. தோலுக்கு நெறம் குடுக்குற செல்ல, உடம்போட காவலே எதிரின்னு நெனச்சு அழிச்சிடுது. ஏன்னு முழுசாத் தெரியல. சில குடும்பத்துல தொடர்ந்து வரும், பல பேருக்கு வீட்டுல யாருக்குமே இருக்காது."

"மீனும் தயிரும் சேத்துத் தின்னதாலயாம்மா?" என்றாள் செல்வராணி.

"அதெல்லாம் கதை. உனக்கு வந்த மாதிரி ரெண்டு பக்கமும் ஜோடியா வர்றது ஒரு வகை. ஒரே பக்கம் பட்டையா வந்து நின்னுடுறது ஒண்ணு. ரப்பர் செருப்பு, ஸ்டிக்கர் பொட்டுப் பசை பட்டு வெளுக்கிறது தனி. அடுப்புல சுட்டுக்காத, காயம் பட்ட எடத்துல புதுசா வெளுக்கும்."

மறுநாள் சத்துணவுக் கூடத்தில், கூடியிருந்தவர்கள் முன் டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சீட்டைப் படித்தேன். மகளை அழைத்துப்போக வந்திருந்த கன்னியம்மாதான் பெட்டிஷன் போட்டவள். "காயிதத்துல ஆயிரம் எழுதுவாங்க" என்றாள்.

செல்வராணி என் பையிலிருந்த இறகை எடுத்து நீட்டினாள். "நீயே தொடுக்கா. நான் கண்ண மூடிக்கிறேன்."

"அய்ய, நான் ஏன் தொடணும்?"

"பெட்டிஷன் போடத் தெரியுது, எறகு புடிக்கத் தெரியாதா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரித்தார்கள். கன்னியம்மா விறைப்பாக இறகை வாங்கினாள். தொட்டாள், விரல் சரியாகக் காட்டியது. மறுபடி, மறுபடி. பந்தயம்போல் வேகம் ஏறியதில் இறகு நழுவியது.

மூடிய கண்ணோடு செல்வராணி சொன்னாள்: "இது எறகு இல்லக்கா. உன் வெரலு."

கன்னியம்மா கையைச் சட்டென்று இழுக்கவில்லை. மகளைப் பார்த்து, "குந்து, துன்னு" என்றாள். அன்று உட்கார்ந்தவர்கள் பாதிப்பேர்தான். மீதியைச் செல்வராணி தினமும் சோறாக்கியே சம்பாதிக்க வேண்டியிருந்தது. நோயைச் சரியாகச் சொல்வது மட்டும் எங்கள் வேலை அல்ல என்று நான் கற்றது அங்கே.

கிளம்பும்போது கேட்டாள்: "நெறம் திரும்புமா சார்?"

"தோள்ல வரலாம். உதடும் விரல் நுனியும் லேசுல திரும்பாது."

தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வராட்டிப் போவுது. சூடு தெரியுதில்ல, அது போதும். வர்றேன் சார், கொழம்பு அடிபுடிச்சிடும்."