காரிக்கு விதித்த பத்தியம்

பூவிருந்தவல்லிக் கோர்ட்டுச் சுவரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தாடியோடு தொங்கிக்கொண்டிருந்த காலத்தில் வீரராகவன் அங்கே சம்மன் பியூன். மார்பில் டவாலிப் பட்டை, கக்கத்தில் குடை, பையில் பிறருக்கு வேண்டாத காகிதங்கள். உரியவர் கையில் சேர்ந்தால்தான் சேதி, அதற்கு முன் அது வெறும் காகிதம் என்பது அவர் கொள்கை. அப்படி ஒரு கொள்கை தமக்கு இருப்பது அவருக்கே தெரியாது. அதனாலேயே அதை ஒரு நாளும் மீறியதில்லை. சம்மனுக்குப் பயந்து கிணற்றுக்குள் இறங்கி நின்ற வானகரத்து ஆசாமி ஒருவருக்கு வாளியில் வைத்து இறக்கி, கைநாட்டு வாங்கிக்கொண்டு வந்தவர் அவர்.

அப்படிப்பட்டவருக்கு ஒன்றரை வயது மகன் ஜெயராமனின் வயிற்றில் மட்டும் எதையும் சேர்ப்பிக்க முடியவில்லை. மனைவி சாமுண்டீஸ்வரி மறுபடி முழுகாமல் இருந்ததால் தாய்ப்பாலை நிறுத்தினார்கள். பிள்ளை சவலை பாய்ந்தான். அடுத்த தெருப் பால்காரி பூங்காவனத்தின் மாடு காரியிடமிருந்து பால் வந்தது. வந்த பால் வந்த வேகத்தில் போயிற்று. கேழ்வரகுக் கூழ் கொடுத்தார்கள், அதுவும் போயிற்று. ஜவ்வரிசி, ஆரோட்டு மாவு, பட்டணத்திலிருந்து யாரோ வாங்கிவந்த சீமை மாவு, பாலில் ஊறவைத்த ரஸ்க், எல்லாம் ஒரே வழியில் போயின. தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருத்தி வாழைப்பழம் கொடு என்றால், எதிர்வீட்டுக்காரி வாழைப்பழத்தாலேயே வந்தது என்றாள். இரண்டையும் ஒரே நாளில் கேட்டு நடந்துகொண்டதில் பிள்ளைக்குக் காய்ச்சலும் வந்தது.

இடுப்பில் இறுக்கமாக இருந்த அரைஞாண் கயிறு தொடைக்கு இறங்கிவிட்டது. முடிச்சைத் தள்ளிப் போட்டாள் சாமுண்டீஸ்வரி. சில நாளில் அது மறுபடி இறங்கியது. மறுபடி முடிச்சுப் போடும்போது அவள் புருஷனின் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கே வீரராகவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையான்சாவடி கங்காதர வைத்தியரிடம் போனார்.

வைத்தியர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், வயிற்றில் விரலால் தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

"தாய்ப்பால் உண்டா?"

"நிறுத்தியாச்சுங்க."

"அப்போ யார் பால்?"

"பூங்காவனத்தோட மாடுங்க. பேர் காரி."

வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டார். "பால் குடிக்கிற பிள்ளைக்கு நோவு வந்தா பத்தியம் யார் காக்கணும்?"

"தாய்ங்க."

"இவனுக்குப் பால் கொடுக்கிறது யாரு?"

"மாடுங்க."

"அப்புறம் எங்கிட்ட இன்னா கேக்கறே?"

வீரராகவன் கோர்ட்டில் எத்தனையோ வாதங்களைக் கேட்டவர். இதில் ஓட்டை எங்கே என்று தேடினார். இல்லை. ஓட்டையில்லாத வாதத்தை ஓட்டையில்லாத சட்டிக்குத்தான் ஒப்பிடலாம். சட்டி ஒழுகவில்லை என்பதால் உள்ளே சோறு இருக்கிறது என்று ஆகாது. ஆனால் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறவன் இதையெல்லாம் யோசிப்பதில்லை.

பத்தியத்தை வைத்தியர் வரிசையாகச் சொன்னார். காரிக்குப் பிண்ணாக்கு ஆகாது, பருத்திக்கொட்டை ஆகாது, மாங்காய்த் தோலும் பலாச்சக்கையும் கிட்டவே வரக்கூடாது. புழுங்கலரிசியைச் சிவக்க வறுத்து, நொய்யாக உடைத்து, சிட்டிகை ஓமமும் சுக்கும் கல் உப்பும் போட்டுக் குழையக் கஞ்சி காய்ச்சி, இளஞ்சூட்டில் இரண்டு வேளை கொடுக்கவேண்டும். காற்றில் நிற்கக்கூடாது. காதில் பஞ்சு வைத்துத் தலையில் துணி கட்டவேண்டும்.

"மாட்டுக்கா?" என்றார் வீரராகவன்.

"காத்து மாட்டுக் காதுல பூராதா?"

திரும்பும் வழியில் நேராகப் பூங்காவனத்தின் கொட்டகைக்குப் போனார். காரி அசை போட்டுக்கொண்டிருந்தது. டவாலியைச் சரிசெய்துகொண்டு அதன் முகத்துக்கு நேரே நின்று, பத்தியம் முழுவதையும் உரக்கச் சொன்னார். சொல்லாமல் ஒரு ஜீவனைக் கட்டுப்படுத்துவது முறையல்ல என்று அவருக்குப் பட்டது.

பூங்காவனம் சாணி அள்ளிய கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா நைனா, காரிக்கு சம்மனா? எத்தால கையெழுத்துப் போடும், வாலாலயா?"

வீரராகவன் விஷயத்தைச் சொன்னார். அவள் சிரித்தாள். பிறகு தோளில் கிடந்த ஜெயராமனின் காலைப் பார்த்தாள். அது அவள் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. சிரிப்பு நின்றுபோயிற்று.

"சரி, கஞ்சி நீயே காச்சிக்கினு வா. மேய்க்கவும் நீயே இட்டுக்கினு போ. எம்மாட்ட பட்டினி போட்டு நான் பாவம் கட்டிக்க மாட்டேன். நீ கட்டிக்க."

கோர்ட்டில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீரராகவன் மாட்டின் பின்னால் நடந்தார். கர்ப்பிணியால் பிள்ளையைத் தூக்க முடியாததால் ஜெயராமனும் அவர் இடுப்பில் இருந்தான். முன்னால் காதில் பஞ்சும் தலையில் சிவப்புத் துண்டுமாகக் காரி. பின்னால் ஒரு கையில் பிள்ளை, மறுகையில் கஞ்சிச் சட்டியோடு அவர். சம்மனுக்கு ஒளிந்து பழகியவர்கள் அவரைக் கண்டதும் வழக்கம்போல் சந்துக்குள் ஓடினார்கள். மாட்டைக் கண்டதும் திரும்பிவந்து நின்று பார்த்தார்கள்.

"இன்னா அண்ணாத்தே, ஜப்தியா?" என்று கேட்டான் வண்டிக்காரத் துலுக்கானம்.

"பத்தியம்."

"மாடு புள்ள பெத்துக்கீதா?"

"எம்புள்ளைக்குப் பால் குடுக்குது."

துலுக்கானம் அதற்குமேல் கேட்கவில்லை. இரண்டும் சேர்ந்து என்ன அர்த்தம் தருகிறது என்று பார்க்க வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்தான்.

காரி பத்தியத்தை மதிக்கவில்லை. சாவடிச் சுவரில் ஒட்டியிருந்த நாடக நோட்டீசைக் கிழித்துத் தின்றது. வீரராகவன் பதறிக்கொண்டு வைத்தியரிடம் ஓடினார்.

"பசை எதுல காச்சினது?" என்று கேட்டார் வைத்தியர்.

"மைதாவுலங்க."

"வயித்தைக் கட்டும். நல்லதுதான். நீ போ."

நோட்டீசைத் தின்ற மாடு கஞ்சியைத் தொடவில்லை. கொட்டகைத் தொட்டியில் ஊற்றி, முகத்தைப் பிடித்துக் குனியவைத்தார். மூக்கால் ஒரு புஸ் விட்டுவிட்டு நிமிர்ந்துகொண்டது. வெல்லம் காட்டினார், கெஞ்சினார், பத்தியத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னார். காரி கேட்டுக்கொண்டு நின்றது. அதன் தவறு என்று சொல்ல முடியாது, காதில் பஞ்சு இருந்தது.

வெல்லத்தைத் தேடி எடுக்கிற அவசரத்தில் ஜெயராமனைக் கீழே இறக்கிவிட்டிருந்தார். திரும்பிப் பார்த்தபோது பிள்ளை தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கையால் கஞ்சியை வழித்து நக்கிக்கொண்டிருந்தான். காரி அவன் தலையை ஒருமுறை நக்கியது. அவன் சிரித்துவிட்டு மறுபடி தொட்டியில் கைவிட்டான்.

வீரராகவன் வெல்லத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மருந்து மாட்டுக்கு உரியது, அதைப் பிள்ளை தின்றுவிட்டான். தூக்கினார். வீட்டில் எதைக் கண்டாலும் வாயை மூடிக்கொள்கிற பிள்ளை தெரு அதிர அழுதான். இறக்கிவிட்டார். நின்று தின்றான். அடுத்த வேளையும் அப்படியே, மறுநாளும் அப்படியே. அதற்குப் பிறகு வீரராகவன் தொட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தார். கஞ்சியைக் கொஞ்சம் கெட்டியாகவும் காய்ச்சினார். ஏன் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளவில்லை.

பிண்ணாக்கு இல்லாமல் காரியின் பால் உழக்குக்கு இறங்கியது. பூங்காவனம் வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். ஆனால் பிள்ளை பச்சையாகப் போவது நின்றது. பிறகு கட்டியாகவே போனான். அதைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். இவ்வளவு சாதாரணமான ஒன்றை இத்தனை பேர் நின்று ரசித்ததைத் தெரு அதற்கு முன் கண்டதில்லை.

"மாடு ஒழுங்கா பத்தியம் காக்குது," என்று எல்லோரிடமும் சொன்னாள் சாமுண்டீஸ்வரி. ஒரு நாள் புருஷனிடமே கேட்டாள். "ஏங்க, காரி கஞ்சிய மிச்சம் வெக்காம குடிக்குதா?"

வீரராகவன் தம் உத்தியோகத்தில் சம்மன் என்னவாயிற்று என்று கோர்ட்டுக்குத் தரும் ரிட்டர்னைப் பொய்யாக எழுதியதில்லை. சம்மனை வாங்காதவரை வாங்கியதாகவோ, வீட்டிலிருந்தவரை இல்லையென்றோ எழுதியதில்லை.

"காரி வாங்கல," என்றார்.

"இன்னா?"

"மொத நாள்லேர்ந்தே வாங்கல. நேர்ல குடுத்தேன், மறுத்துட்டுது. பக்கத்துல இருந்த ஆள் வாங்கிக்கினான்."

"யாரு?"

அவர் இடுப்பிலிருந்த ஜெயராமனைக் காட்டினார்.

சாமுண்டீஸ்வரி புருஷனைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். "நம்ம ஊட்டு அரிசி, நம்ம ஊட்டு அடுப்பு," என்றாள் மெதுவாக. "இத்த நேரா அவன் வாயில ஊட்டணும்னு நமக்கு யாருக்குமே தோணலியே. மாட்டு மூஞ்சிக்கு முன்னால கொண்டுபோய் நீட்டினோமே."

"வைத்தியர் மாட்டுக்குத்தான் சொன்னாரு."

"வாய மூடுங்க," என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அன்று மாலையே வீட்டில் கஞ்சி காய்ச்சி, வெள்ளிக் கிண்ணத்தில் ஆறவைத்துப் பிள்ளைக்கு ஊட்டப்போனாள். ஜெயராமன் வாயை இறுக மூடிக்கொண்டான். கிண்ணத்தை மாற்றினாள், மடியை மாற்றினாள், கஞ்சியில் நெய்க்குப் பதில் மோர் விட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வீரராகவன் போய்க் காரியை ஓட்டிக்கொண்டு வந்தார். அப்போதும் பிள்ளை மாட்டின் தலையையே பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. சாமுண்டீஸ்வரிக்குத்தான் முதலில் புரிந்தது. "துண்டு எங்க?" என்றாள்.

துண்டைக் கட்டினார்கள். வாய் திறந்தது.

அதன் பிறகு காரிக்குப் பிண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் பழையபடி கிடைத்தன, பாலும் ஏறியது. துண்டு மட்டும் நெடுநாள் அதன் தலையில் இருந்தது. இரண்டு வேளையும் அது வாசலில் வந்து நிற்கும், உள்ளே பிள்ளை சாப்பிடுவான். சாலையில் போகிறவர்கள் அதை ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பெயர் கங்காதர வைத்தியருக்குத்தான் வந்தது. கரையான்சாவடியில் இன்னும் சில மாடுகள் தலையில் துணி கட்டிக்கொண்டு பசியோடு நின்றன. அவற்றின் முன்னே வைத்த கஞ்சியை வேறு பிள்ளைகள் குடித்தார்களா என்பது தெரியவில்லை. நடந்ததை வீரராகவனிடம் கேட்டிருந்தால் உள்ளபடியே சொல்லியிருப்பார். ஊருக்கு மாட்டுக் கதையே போதுமாக இருந்தது. அவராகப் போய்ச் சொல்வது அவர் வேலையல்ல.

ஆடி மாதம் சாமுண்டீஸ்வரிக்குப் பெண் பிறந்தது. பிள்ளை பெற்ற உடம்புக்குக் காதில் பஞ்சும் தலையில் துணியுமாக அவள் படுத்திருந்தபோது, ஜெயராமன் தத்தித் தத்தி உள்ளே வந்தான். அவளை உற்றுப் பார்த்தான். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து பெரிதாக வாயைத் திறந்தான்.

அவள் அவன் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். அரைஞாண் கயிறு சதையில் பதிந்திருந்தது. "இந்த முடிச்ச அவுத்து உடுங்க," என்றாள் புருஷனிடம். "புள்ளைக்கு இறுக்குது."