விரதக் கேத்தில்

யாழ்ப்பாணப் பட்டினத்தை எனக்கு உள்ளங்கை மாதிரித் தெரியும் என்று நான் அடித்த புளுகுக்கு அளவில்லை. எழுபதுகளின் தொடக்கம். படித்து முடித்துவிட்டு உத்தியோகம் இல்லாமல் இருந்த காலம். கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் பின்னேரங்களில் உரும்பிராயிலிருந்து சைக்கிளில் பட்டினத்துக்கு இறங்குவேன். ஒரு நாள் சுண்டுக்குளி, ஒரு நாள் குருநகர், ஒரு நாள் சோனகத்தெரு. மூன்றும் ஒரே பட்டினம்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் பொழுது வேறுமாதிரிச் சாயும். சுண்டுக்குளியில் மரங்களுக்குப் பின்னால் யாரோ பியானோ பழகுவார்கள். வீட்டுக்காரர் தன் நாயோடும் இங்கிலீசில்தான் கதைப்பார். குருநகரில் வலை காயும் மணலைத் தாண்டிப் போனால், கோயில் மணி அடித்த கையோடு வீட்டுக்கு வீடு செபம் தொடங்கும். சோனகத்தெருவில் ஒழுங்கைகள் ஒடுக்கம், மதில்கள் உயரம். உள்ளேயிருந்து தையல் மெஷின் சத்தமும் வெங்காயம் பொரிகிற வாசமும் வரும். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் மெஷின் நின்றுவிடும்.

நேர்வழி இருக்க, வேண்டுமென்றே சுற்றுவழியால் போவேன். அவ்வளவு ஆசை. ஆனால் அந்த ஆசை கண்ணோடும் காதோடும் சரி. வாய்க்கு ஏதாவது வந்தால் உடனே அம்மாவின் குரல் கேட்கும்.

"தம்பி, போற இடத்திலை ஒண்டிலும் வாய் நனைச்சுப்போடாதை."

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டால் அந்த வீட்டோடு புழங்குகிறோம் என்று அர்த்தம். யார் வீட்டில் குடிக்கலாம், யார் வீட்டில் கூடாது என்பது பிறக்கும்போதே காதில் ஓதிவிடுகிற சங்கதி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வாசிகசாலையில் நின்று சமத்துவம் பேசித் தொண்டை கட்டியவன் நான். ஆனால் பேசியதைச் செய்யத் துணிவு வேண்டுமே! அது என்னிடம் மருந்துக்கும் இல்லை. ஆகவே எவர் தேத்தண்ணி நீட்டினாலும் ஒரே பொய்தான்: "இண்டைக்கு எனக்கு விரதம்."

விரதமாம் விரதம்! ஞாயிற்றுக்கிழமை நண்டுக்கறி என்றால் கோதைக்கூட விடாமல் உறிஞ்சுகிறவன் நான்.

சுண்டுக்குளிக்காரரும் குருநகர்க்காரரும் இரண்டொரு தரம் கேட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். விடாதவர் சோனகத்தெருவில் என் மாணவனின் தாய்தான். அங்கே அக்காவை ராத்தா என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். கணவர் தையல்காரர். ராத்தா முன்னுக்கு வரமாட்டார். அறை வாசல் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுதான் கதைப்பார்.

"விரதமெண்டால் தேத்தண்ணியும் குடிக்கக்கூடாதோ, மாஸ்டர்?"

"குடிக்கலாம், ராத்தா. ஆனா இறைச்சி மீன் புழங்குற ஏனத்திலை குடிக்கக்கூடாது."

கெட்டித்தனமாகத் தப்பிவிட்டேன் என்று அன்று சைக்கிளில் விசிலடித்துக்கொண்டு வந்தேன். அடுத்த கிழமை போனால், மேசையில் ஒரு புதுக் கேத்தில். பக்கத்தில் ஒரு புதுக் கிளாஸ். கடைக்காரன் ஒட்டிய துண்டுகூட இன்னும் உரியவில்லை.

"மாஸ்டருக்கெண்டே வாங்கினது. ஒருதரும் தொடேல்லை. பாலும் கோயிலடி ஐயர் வீட்டிலையிருந்து எடுப்பிச்சனான்."

குடித்திருக்கலாம். ஒரு மிடறு, எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் சோனகத்தெருவில் குடித்தது உரும்பிராய்க்கு எனக்கு முன்னமே போய்ச் சேருமே என்று நினைத்தேன். "இண்டைக்குத் தண்ணியும் படாத விரதம், ராத்தா" என்றேன். சொல்லும்போதே நாக்குக் கூசியது.

"ஐயோ பாவம், வயித்தைக் காயப்போடாதேங்கோ" என்றார் ராத்தா. அந்த இரக்கம்தான் என்னைப் போட்டு வாட்டியது. திட்டியிருந்தால் நிம்மதியாக வந்திருப்பேன்.

அதன் பிறகு செவ்வாய், வெள்ளி, அமாவாசை, பறுவம், சதுர்த்தி என்று ஒன்றுவிடாமல் பிடித்தேன். பஞ்சாங்கத்தில் இருந்தவை முடிய, இல்லாதவற்றையும் உண்டாக்கினேன். கேத்தில் மட்டும் துலக்கித் துலக்கித் தட்டில் அப்படியே இருந்தது. கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது என் கண் அதில்தான் போய் முட்டும்.

நோன்பு மாதம் வந்தது. வீடு முழுக்க வாய் காய்ந்து கிடந்தது. "இப்ப மாஸ்டரும் விரதம், நாங்களும் நோன்பு. எல்லாரும் ஒரே கட்சி" என்று ராத்தா சிரித்தார். அன்று மத்தியானம் நான் பொரித்த விளைமீனோடு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். மீன் வாசத்தோடு ஏவறை வயிற்றிலிருந்து மேலே வந்தது. அதை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த வீட்டுப் பூனை ஒருவரிடமும் நெருங்காது. அது மெல்ல வந்து, மேசைக்குக் கீழே தொங்கிய என் கையை மணந்து, விரல்களை நக்கத் தொடங்கியது. உதைத்துத் தள்ளவும் முடியவில்லை. திரைச்சீலை கொஞ்சம் ஆடியது. உள்ளே யாரோ சிரிப்பை அடக்கினார்களா, காற்றா என்று எனக்கு விளங்கவில்லை. காற்று என்றே வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ராத்தா தேத்தண்ணி வேணுமா என்று கேட்பதை விட்டுவிட்டார். "இண்டைக்கும் விரதம்தானே, மாஸ்டர்?" என்று மட்டும் கேட்பார். நான் "ஓம்" என்பேன். எவ்வளவு சுகமான கேள்வி! பொய்யை அவரே எடுத்துத் தர, எனக்குத் தலையாட்டுகிற வேலை மட்டும்தான்.

மகன் சோதனை பாஸ் பண்ணினான். எனக்கும் உத்தியோகம் கிடைத்து, கலியாணமும் நடந்தது. கலியாணச் சட்டையைத் தையல்காரர்தான் தைத்துத் தந்தார். கலியாணத்துக்கு வர வசதிப்படவில்லை, பொம்பிளை மாப்பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த நாள் விடிந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கு எங்கள் வீட்டுப் பேணியில் எங்கள் வீட்டுத் தேத்தண்ணியை என் கையால் அவர்களுக்குக் கொடுக்கவேண்டும். கொடுத்துவிட்டால் அந்தக் கேத்திலின் பாரம் கொஞ்சமாவது இறங்கும். இதை முதல்நாள் இரவே மனைவியிடமும் சொல்லியிருந்தேன்.

கார் வந்து நின்றது. ராத்தா சீலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு இறங்கி, வேலியோரம் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, முகம் முழுக்கச் சிரிப்போடு வந்தார். இத்தனை காலத்தில் அந்த முகத்தை அன்றுதான் திரையில்லாமல் கண்டேன். விறாந்தையில் இருத்திவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்ற மூக்குப்பேணி இரண்டை எடுத்தேன்.

"அந்தப் பேணியளை அங்கை வை" என்றார் அம்மா. "சோடா வாங்கி வைச்சிருக்கிறன். உடைச்சுக் குடு."

சோடாவென்றால் போத்திலோடு குடிக்கலாம். போத்தில் கடைக்குப் போய்விடும். வீட்டு ஏனம் எதிலும் வாய் படாது. எங்கள் ஊரின் மரியாதை அப்படித்தான் சிரித்துக்கொண்டு நிற்கும்.

"அம்மா, அவை எனக்காக..."

"நீ அங்கை வாய் நனைச்சனியோ?"

"இல்லை."

"பிறகென்ன?"

அது குசினிக்குள் அடங்குகிற குரல் இல்லை. மனைவி என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன்? மூக்குப்பேணிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டு சோடாப் போத்தில்களோடு விறாந்தைக்குப் போனேன். தூ, என்ன மனிசன் நான்!

தையல்காரர் தாகத்தோடு கையை நீட்டினார். ராத்தா போத்தில்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"குறை நினைக்காதேங்கோ, மாஸ்டர். இண்டைக்கு எங்களுக்கு நோன்பு."

அவர் உதடு வெற்றிலையில் செக்கச் சிவந்து கிடந்தது. தையல்காரர் நீட்டிய கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஓமோம், நோன்புதான்" என்றார்.

உள்ளேயிருந்து அம்மா, "பாத்தியே, எவ்வளவு பக்தியான சனம்" என்று மனைவிக்குச் சொன்னது கேட்டது. நான் வாயு பொங்குகிற இரண்டு போத்தில்களையும் பிடித்தபடி நின்றேன். பூனை என் விரலை நக்கிய நாளிலிருந்து ராத்தாவுக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மானத்தைக் காப்பாற்ற அவர் எடுத்தது என்னுடைய பொய்யைத்தான்.

அடுத்த கிழமை, கூப்பிடாமலே சோனகத்தெருவுக்குப் போனேன். பாடமும் இல்லை, விரதமும் இல்லை.

"ராத்தா, ஒரு தேத்தண்ணி தாங்கோ."

திரைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "அந்தக் கேத்தில் எங்கடை அடுப்புக்கு வந்து கனகாலம், மாஸ்டர். இப்ப அதிலை எல்லாரும்தான் குடிக்கிறம். பரவாயில்லையோ?"

"தாங்கோ."

கரிபிடித்த கேத்திலிலிருந்து ஊற்றிய இஞ்சித் தேத்தண்ணி வந்தது. குடித்தேன். கிளாஸ் வெறுமையானதும் ராத்தா பகிடி மாதிரித்தான் கேட்டார்.

"இஞ்சை உங்கடை விரதம் முடிஞ்சுது, மாஸ்டர். அங்கை எங்கடை நோன்பு எப்ப முடியும்?"

"கெதியிலை, ராத்தா, கனநாள் செல்லாது" என்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எத்தனையோ தரம் தேத்தண்ணி குடித்திருக்கிறேன். ராத்தா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.