எலி முதல் பாம்பு வரை

சிங்கப்பூரில் வீட்டு வேலை பார்க்கும் என் மகள் ஆறு வருடமாகப் பொங்கலை ஒட்டி எனக்கு ஒரு கடிதம் போடுகிறாள். போனில் நாலு பேர் கேட்கப் பேச எனக்குக் கூச்சம், அதனால்தான் கடிதம். உறையில் அந்த ஊர் தபால்தலை இருக்கும். முதல் வருடம் எலி. பிள்ளையாருக்காக என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருடம் மாடு, சரி, மாட்டுப்பொங்கலுக்கு. புலி வந்தபோதுதான் யோசனையாகிவிட்டது. சீனர்களுக்கு வருடத்துக்கு ஒரு மிருகம், பன்னிரண்டு முடிந்தால் திரும்ப எலி என்று எங்கள் தெருவுக்கு வரும் தபால்காரப் பெண் சொன்னாள். அப்புறம் முயல், மீசை வைத்த டிராகன், கடைசியாகப் பாம்பு.

ஒவ்வொன்றையும் உறையிலிருந்து வெட்டி ஒரு நோட்டில் ஒட்டி வைத்தேன். முப்பது வருடம் தீப்பெட்டி கம்பெனியில் லேபிள் ஒட்டியவள் நான். ஓரம் தூக்கினால் மேஸ்திரி பெட்டியை முகத்துக்கு நேரே நீட்டுவார். அந்தப் பழக்கத்தில் மைதாப் பசையை மூலைக்கு மூலை தடவிக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்திருந்தேன்.

விருதுநகரில் தபால்தலைக் கண்காட்சி வைக்கிறார்கள், உங்களதையும் வைக்கலாம், கொடுங்கள் என்று அந்தத் தபால்காரப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு வாரம் தயங்கி நோட்டை நீட்டினேன். பாம்பின் மூலையை நகத்தால் கிளப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“என்னத்தா, தீப்பெட்டியாவே ஆக்கிட்டீக! உரசினா பத்திக்கிடும் போல.”

“ஒட்டினா எடுத்துக்கிட மாட்டாகளா?”

“மாட்டாக ஆத்தா. பின்பக்கம் சுத்தமா இருக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும்.”

அவள் போனபின் நோட்டைப் பார்க்கவே கூசியது. கண்காட்சி போனால் போகட்டும். ஆறு வருடமாக வந்ததை என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்றுதான் மனது அடித்துக்கொண்டது.

கம்பெனியில் ஒருமுறை ஒரு லோடு முழுக்க லேபிளைத் தலைகீழாக ஒட்டிவிட்டோம். பிய்த்தவர்கள் கையில் பாதிதான் வந்தது. நான் ஈரத் துணியைப் போர்த்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பசை தானாக விட்டது. அது நினைவுக்கு வந்ததும் எழுந்து கத்தரிக்கோலை எடுத்தேன்.

நகம் பட்ட பாம்பையே முதலில் தாளோடு வெட்டி, தாம்பாளத்து வெதுவெதுத் தண்ணீரில் மிதக்கவிட்டேன். சிவப்புச் சாயம் இறங்குமோ என்று தண்ணீரையே பார்த்திருந்தேன். தண்ணீர் பால் மாதிரி ஆனதே தவிர சிவக்கவில்லை. கைதான் இழு இழு என்றது, இழுக்கவில்லை. அரை மணி நேரம் கழித்துத் தாள் ஒருபக்கம் நழுவ, பாம்பு தனியாக மிதந்தது. சாயங்காலத்துக்குள் ஆறும் துணியில் காய்ந்தன. முயலுக்கு மட்டும் ஓரத்தில் ஒரு பல் போய்விட்டது.

மறுநாள் அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

“அடியாத்தி! எப்படித்தா எடுத்தீக? சரி, இந்தச் சீட்டுல பேரு எழுதுங்க.”

“பேரெல்லாம் வேண்டாம்த்தா.”

“பேரில்லாம வச்சா என்னோடதுன்னு நான் சொல்லிருவேன், பாத்துக்கிடுங்க.”

அஞ்சாம் வகுப்பு எழுத்தில் என் பேரை எழுதினேன். கோடு தாண்டிப் போனது.

“இன்னும் என்னென்ன வரணும்?” என்றேன்.

“குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்னி. ஆறு வருசம் ஆகும் ஆத்தா.”

“ஆகட்டும், இருக்கேன்” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.