தேர்தலுக்கு முன் ஒப்படைக்க வேண்டிய துப்பாக்கி

அமெரிக்கா வந்து கேட்டியில் வீடு வாங்கிய வருஷம், பக்கத்துத் தெருவில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் அந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியை வாங்கினேன். கட்டையில் விரிசல், மேலே கருப்பு டேப். நான் ஆபீஸுக்குப் போடும் ஷூவைவிட விலை குறைவு. தோட்டா ஒன்றுகூட வாங்கவில்லை. சுடுவதற்கா வாங்கினேன்? தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் அப்பாவிடம் இதே மாதிரி ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

கடலைக்காட்டில் முயல் அடித்துக்கொண்டு வருவார். கறியில் ஈயக் குண்டு கடிபட்டால் தட்டோரம் துப்பி வைப்போம். யார் தட்டில் அதிகம் என்று எனக்கும் அக்காவுக்கும் சண்டை நடக்கும். நான் ஆறாவது படிக்கும்போது துப்பாக்கி வீட்டில் இல்லாமல் போனது. பழனிக்கு வேண்டிக்கொண்டு அப்பா வேட்டையை விட்டுவிட்டார் என்றாள் அம்மா. நானும் நம்பினேன்.

அம்மா இறந்த பிறகு, ஆறு மாதம் தங்கிப்போக அப்பா இங்கே வந்தார். துப்பாக்கியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. தினமும் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைப்பார். அது ஜனாதிபதித் தேர்தல் வருஷம். டிவி பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"எலெக்சன் என்னைக்குக் கண்ணு?"

"அடுத்த செவ்வாய்க்கெழமைங்க."

மறுநாள் ஆபீஸுக்கு மனைவியின் போன். "மாமா துப்பாக்கிய வேட்டில சுத்தி எடுத்துக்கிட்டு எங்கயோ போயிட்டாரு. காலைல போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம்னு கேட்டாரு. நான் சும்மா கேக்கறார்னு நெனச்சு சொல்லிட்டேன்."

ஊரில் தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். இங்கே துப்பாக்கியோடு ஸ்டேஷனுக்குள் நுழைகிறவரை, அதுவும் இங்கிலீஷ் தெரியாதவரை, என்ன ஏது என்று கேட்டுக்கொண்டா இருப்பார்கள்? சுட்டுவிடுவார்கள். மீட்டிங்கை அப்படியே விட்டுவிட்டுக் காரை எடுத்தேன்.

ஸ்டேஷனுக்கு ஒரு சிக்னல் முன்னால், ரோட்டோரப் புல்லில், தோளில் அந்த நீளமான மூட்டையோடு விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார். காரில் ஏற்றிக் கதவைச் சாத்தியதும் கத்தினேன்.

"உங்களுக்கு அறிவிருக்குதுங்களா? போலீஸ்காரன் பாத்திருந்தா சுட்டுத் தள்ளியிருப்பானுங்க."

அப்பா மூட்டையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கெடு தாண்டிருச்சுன்னா ஊட்டுக்கே வந்துருவாங்க கண்ணு. அப்ப ஊர்ல எலெக்சனுக்கு நான் ரெண்டு நாள் தாமசமாயிட்டேன். கடலை பொறுக்கற ஆளுக முன்னால வெச்சு போலீசுக்காரன் என்னைய அறைஞ்சான். துப்பாக்கியவும் எடுத்துட்டுப் போயிட்டான். திருப்பிக் கேக்க நான் போகவே இல்ல. நீ பள்ளிக்கொடத்துல இருந்தே."

அவரே தொடர்ந்தார்.

"உன்னைய எவனாச்சும் அப்பிடிக் கை நீட்டுனா என்னால பாத்துட்டு நிக்க முடியாது."

என் அப்பாவை ஒருவன் அடித்திருக்கிறான். இத்தனை வருஷமாக எனக்குத் தெரியவில்லை. தெரிந்த நாளில் நானும் என் பங்குக்குக் கத்தியிருக்கிறேன். காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுதேன்.

"கெளம்பு கண்ணு," என்றார் அப்பா, பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே. "இங்க நின்னா போலீசு வந்துருவான்."